கட்டுடலா, கொழுப்பா? குட்டைக் குதிரையைக் காட்சிக்குத் தயார்ப்படுத்தும் கேள்வியும் அதன் விடைகளும்

காட்சிக் களத்தில் நிற்கும் குதிரையின் அழகு எங்கிருந்து வருகிறது? பிறவியில் வாய்த்த எலும்பிலிருந்தா, போட்ட தீனியிலிருந்தா, வாங்கிய வேலையிலிருந்தா, தேய்த்துவிட்ட கையிலிருந்தா? குதிரை பழக்கிய நாகரிகங்கள் எல்லாம் இந்தக் கேள்விக்கு ஏதோவொரு விடை சொல்லியிருக்கின்றன. குதிரை உயரமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் விடைகளுக்கு இடையிலான பூசல் அவ்வளவாகத் தெரியாது. குட்டையாக, எலும்பு கனத்து, மார்பு அகன்று, வயிறு உருண்ட மட்டக்குதிரையையோ மினியேச்சர் குதிரையையோ களத்தில் நிறுத்தும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. இத்தகைய உடலில் கட்டுடலும் கொழுப்பும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது வலிமை. இரண்டாவது பல வேளைகளில் நோயின் முன்னறிவிப்பு.

இந்தக் கட்டுரை முக்கியமான விடைகளையும் அவற்றின் தோற்றத்தையும் குறைபாடுகளையும் தொகுத்துப் பார்க்கிறது. பிறகு, குதிரைக் காட்சி மரபு வேரூன்றாத, ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்யும் அந்தமானில், போர்ட் பிளேரின் டெலானிபூர் போன்ற ஒரு குடியிருப்புப் பகுதிக்கு இவற்றில் எவை பொருந்தும் என்றும் ஆராய்கிறது. வறண்ட நிலங்களிலும் குளிர் நாடுகளிலும் பிறந்த முறைகளை ஈரமான தீவு ஒன்றில் வைத்துப் பார்க்கும்போது, அவற்றில் எது பொது விதி, எது அந்தந்த ஊரின் வழக்கம் என்பது தெளிவாகிறது.

முதல் விடை: அளவும் அடையாளமும்

மிகப் பழைய விடை, அழகு பிறவியிலேயே தீர்மானிக்கப்படுகிறது என்பது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குதிரைக் கண்காணிப்பாளருக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கி, குதிரையின் உடலை விகிதங்களாக வகுக்கிறது. உத்தமக் குதிரையின் முகம் 32 அங்குலம். உடல் நீளம் ஐந்து முகம். உயரம் நான்கு முகம். அந்த அங்குலம் இன்றைய அங்குலத்தைவிடச் சிறியது என்றாலும் இங்கே முக்கியம் அளவுகோலன்று, விகிதம். குதிரை எவ்வளவு பெரியது என்பதைவிட, உறுப்புகள் ஒன்றுக்கொன்று இசைந்திருக்கின்றனவா என்பதையே இந்தப் பார்வை கேட்கிறது.

இதோடு இணைந்து வளர்ந்தது சுழி பார்க்கும் வழக்கம். சாலிஹோத்திரர், நகுலன் பெயர்களில் வழங்கும் அசுவ சாத்திர நூல்கள் தொடங்கி, இன்று குதிரை வாங்குபவர் வரை, நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் மயிர் சுழன்றிருக்கும் இடத்தைப் பார்த்தே குதிரையை மதிப்பிடும் பழக்கம் தொடர்கிறது. ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் அந்தியூர்ச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி வகைக் குதிரைகள் வருகின்றன. அத்தகைய சந்தைகளில் சுழி விலையை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது.

நவீனக் காட்சிச் சங்கங்களின் விதிகளும் ஒரு வகையில் இந்த மரபின் தொடர்ச்சியே. 1978இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம், பிடரியின் கடைசி மயிர் முளைக்கும் இடத்தில் அளந்தால் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. குதிரை சிறியதாக இருக்க வேண்டும், ஆனால் பெரிய குதிரையின் விகிதங்கள் கெடாமல் இருக்க வேண்டும் என்பது அதன் இலட்சியம். ஷெட்லாந்து மட்டக்குதிரைக்கு உச்ச உயரம் 42 அங்குலம். அதன் இலக்கணம் கனத்த எலும்பையும் ஆழ்ந்த மார்பையும் வேண்டுகிறது. முதல் சங்கத்தின் களம் நாளடைவில் மெல்லிய கழுத்துள்ள, நளினமான உடலை விரும்பத் தொடங்கியது. இரண்டாவது கட்டையான உடலைப் போற்றியது. ஆகவே ஒரே கட்டுமஸ்தான குட்டைக் குதிரை ஒரு களத்தில் இலக்கணமாகவும் மற்றொன்றில் குறையாகவும் கருதப்படக்கூடும்.

இந்த விடையின் வலிமை நேர்மை. எந்தப் பயிற்சியும் கோணிய காலை நிமிர்த்தாது. அதன் குறைபாடு இரண்டு. சுழிக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டென்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மேலும், சிறுமையையே இலட்சியமாகக் கொண்டு இனம் பெருக்கினால் அதற்கு ஒரு விலை உண்டு. மினியேச்சர் குதிரைகளில் தோன்றும் குள்ளத்தன்மைக்கு, குருத்தெலும்பு வளர்ச்சியோடு தொடர்புடைய ஏகேன் மரபணுவின் மாற்றங்கள் காரணம் என்று கண்டறியப்பட்டுள்ளது. தாடை சிறுத்தாலும் பல் அதே அளவுக்குச் சிறுக்காததால், பற்கள் நெருக்கியடித்து முளைப்பதும் இவற்றில் பரவலாகக் காணும் தொல்லை. மேனி மங்கிய குட்டைக் குதிரைக்குத் தீனியை மாற்றுவதற்கு முன் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லும் மருத்துவர், இந்த முதல் விடையின் உண்மையைத்தான் நினைவூட்டுகிறார்.

இரண்டாம் விடை: தீனியே அழகு

வாங்கிய குதிரையை ஊட்டி வளர்த்தால் அழகு தானே வரும் என்பது இரண்டாவது விடை. அர்த்தசாஸ்திரத்தின் தீனிப் பட்டியலே இதற்குச் சான்று. உத்தமக் குதிரைக்கு நாளொன்றுக்கு இரண்டு துரோணம் தானியம், ஒரு பிரஸ்தம் எண்ணெய் அல்லது நெய், ஐந்து பலம் உப்பு, ஐம்பது பலம் இறைச்சி. தானியத்தை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்க வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. இது போர்க் குதிரைக்கான தீனி. நாள் முழுதும் ஓடும் உடலுக்கு வகுத்தது.

தமிழகத்தில் இந்த விடை கண்ட சோதனை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் பெரும் விலைக்கு வாங்கிய குதிரைகள் ஆண்டுதோறும் மடிந்துபோயின என்கிறார். சோற்றோடு இறைச்சியை வேகவைத்து ஊட்டினார்கள், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, குதிரை வணிகர்கள் அப்படிப்பட்டவர்கள் அங்கே போகவும் விடவில்லை என்பது அவர் தரும் விளக்கம். இந்நாட்டில் பிறக்கும் குட்டிகள் சிறுத்தும் கால் கோணியும் பிறந்தன என்றும் குறிப்பிடுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் மாபார் எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கரைக்கும் அண்டைத் துறைமுகங்களுக்கும் இறங்கியதாகச் சொல்கிறார். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயில் பிசைந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கப்பட்டதையும், வலிமையோடு வந்த குதிரைகள் சில காலத்தில் சோர்ந்து பயனற்றுப் போனதையும் அவர் எழுதுகிறார். இருவரும் வெளியிலிருந்து பார்த்தவர்கள். வணிகர்கள் சொல்லக் கேட்டதும் அவர்கள் எழுத்தில் கலந்திருக்கலாம். எனினும், அக்கறையின்மையால் மட்டும் இக்குதிரைகள் கெடவில்லை என்பது புலனாகிறது. செல்வத்தின் அடையாளமான உணவுகள் புல் தின்னும் விலங்குக்கு ஊட்டப்பட்டிருக்கின்றன.

மக்கள் மரபு இதைவிட நிதானமானது. கொள்ளை இரவில் ஊறவைத்து, காலையில் குழைய வேகவைத்து, உப்பும் தவிடும் சேர்த்துப் பிசைந்து வைப்பது குதிரைவண்டி ஓட்டியவர்கள் வீடுகளில் நெடுங்காலம் இருந்த பழக்கம். கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் உண்டு. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்களும் அதில் உண்டு. வேகவைத்தால் அவை பெரிதும் அழிகின்றன. அறிவியல் பின்னால் கண்டறிந்ததை அடுப்பங்கரை முன்பே கடைப்பிடித்திருக்கிறது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியும் இதே திசையில் பேசுகிறது. யாருக்கு எது என்பதை அவரவர் உடலைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது அது.

அந்த நிதானம் காட்சிக்கான தயாரிப்பில் பல வேளைகளில் தொலைந்துபோகிறது. களத்தில் நிரம்பித் தெரிய வேண்டும் என்பதற்காகத் தானியத்தைக் கூட்டும்போது, வண்டி இழுத்த குதிரைக்கு வகுத்த அளவு நிழலில் நிற்கும் குதிரையின் வாய்க்குப் போகிறது. உழைப்பை எடுத்துவிட்டு உழைப்பாளியின் தீனியை மட்டும் வைத்துக்கொள்வதே இந்த விடையின் அடிப்படைக் குறை.

மூன்றாம் விடை: உழைப்பே உடல்

குட்டைக் குதிரையின் கட்டுடல் முதலில் வேலைக்காகவே உருவாக்கப்பட்டது. பிரிட்டனில் 1842ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. அதன்பின் தாழ்ந்த சுரங்க வழிகளில் நிலக்கரி வண்டி இழுக்க ஷெட்லாந்து மட்டக்குதிரைகளுக்குத் தேவை பெருகியது. நிலக்கரிச் சுரங்கங்களின் உரிமையாளரான லண்டன்டெரி பிரபு 1870களில் ஷெட்லாந்துத் தீவுகளில் தனிப் பண்ணை வைத்து, உயரம் குறைந்து கனம் கூடிய குதிரைகளைப் பெருக்கினார். இன்றைய காட்சிக் களத்தில் நாம் ரசிக்கும் அகன்ற மார்பும் குறுகிய கால்களும் அந்தச் சுரங்கத் தேவையின் மிச்சம்.

இந்தியாவிலும் இதுவே கதை. மணிப்பூர் மட்டக்குதிரை சகோல் காங்ஜெய் என்னும் போலோ ஆட்டத்தின் வேகத்திலும் திருப்பத்திலும் உருவானது. ஸ்பிதி, சான்ஸ்கார் வகைகள் இமயமலைச் சரிவுகளில் சுமை ஏற்றி உருவானவை. தமிழ்நாட்டின் குதிரைவண்டிப் பந்தயங்களில் குதிரைகளைப் பெரியது, சிறியது எனத் தரம் பிரித்து ஓட்டுகிறார்கள். அங்கே சிறிய குதிரையின் அழகு அதன் ஓட்டத்தில் தெரிகிறது. தொப்பை விழுந்த குதிரை எல்லைக்கோட்டில் யாரையும் ஏமாற்ற முடியாது.

உழைப்பை முன்வைப்போர் சொல்லும் பயிற்சி எளியது. முதல் வாரங்களில் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுப்பான நடை. பிறகு மேட்டில் ஏற்றி இறக்கும் நடை. அதன்பின், பின்னாலிருந்து நீண்ட வாரைப் பிடித்து ஓட்டும் பழக்கம், அளவான துள்ளு நடை. வட்டமாகச் சுற்றி ஓடவிடுவதில் எச்சரிக்கை வேண்டும். எலும்பு முற்றாத இளங்குதிரையின் மூட்டுகளை இறுக்கமான வட்டம் வருத்தும். உடலில் மாற்றம் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். காட்சிக்கு இரண்டு வாரம் முன்பு தொடங்கினால் குதிரைக்குக் களைப்புதான் மிஞ்சும்.

கழுத்தில் ரப்பர் போர்வை சுற்றி வியர்க்கவைத்து ஒடுக்கும் குறுக்கு வழியும் மினியேச்சர் காட்சிகளில் உண்டு. அது இழக்கவைப்பது பெரும்பாலும் நீர். தண்ணீர் குடித்ததும் கழுத்து பழைய நிலைக்கு வந்துவிடும். புழுக்கமான ஊரில் இது வெறும் வீண்வேலையாக நிற்காது, ஆபத்தாகவும் முடியும்.

இந்த மூன்றாம் விடையின் எல்லையும் தெரிந்ததே. வேலை தசையை வளர்க்கும். ஆனால் தீனி மிகுந்தால் தசையின் மேலேயே கொழுப்பு படியும். குளம்பு நோயுள்ள குதிரையை வேலையால் மெலியவைக்கப் பார்ப்பது கொடுமை. அதற்கு வலிக்கும் உறுப்பே கால்தான்.

நான்காம் விடை: சீப்பும் கத்தரியும்

அழகு மேனியில்தான் இருக்கிறது, அதைக் கை கொண்டு வர வேண்டும் என்பது நான்காவது விடை. குதிரைகளை நாளுக்கு இருமுறை குளிப்பாட்டி, சந்தனப்பொடி பூசி, மாலை அணிவிக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கர் செனபோன் வேறு பாதையில் போகிறார். முதுகின் மயிரைக் கருவி படாமல் கையாலேயே அது படிந்திருக்கும் போக்கில் தேய்க்க வேண்டும், கால்களை அடிக்கடி நனைப்பது குளம்புக்கு நல்லதல்ல என்பது அவர் அறிவுரை. ஒருவர் சேர்த்து அழகு காண்கிறார், மற்றவர் குறைத்து அழகு காண்கிறார்.

இதே பிளவு இன்றைய களங்களிலும் தொடர்கிறது. வட அமெரிக்க மினியேச்சர் காட்சிகளில் உடல் முழுதும் இயந்திரத்தால் மயிர் கத்தரித்து, முகத்தை மழித்து, கண்ணையும் மூக்கையும் சுற்றி எண்ணெய் தடவி நிறுத்துவது வழக்கம். பிரிட்டனில் ஷெட்லாந்து மட்டக்குதிரையைப் பிடரியும் வாலும் வெட்டாமல், இயற்கையான மேனியோடு காட்டுவதே மரபு. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை முதல், தன் போட்டிகளில் கலந்துகொள்ளும் குதிரைகளின் மூக்கையும் கண்ணையும் சுற்றியுள்ள உணர்மயிர்களை மழிப்பதைத் தடைசெய்தது. குதிரைக்குத் தன் மூக்கின் முன்னால் இருப்பது நன்றாகத் தெரியாது. அந்த மயிர்களே அங்கே அதற்கு வழிகாட்டி. களத்தின் ரசனைக்கும் விலங்கின் தேவைக்கும் இடையே முறையான விதி ஒன்று கோடு கிழித்தது இங்கேதான்.

அன்றாடத் தேய்ப்பின் பயனை எந்தத் தரப்பும் மறுப்பதில்லை. ரப்பர் சீப்பை வட்டமாக ஓட்டினால் உதிர்ந்த மயிரும் பொடுகும் மேலே வரும். நார்ப் பிரஷ் அவற்றைத் துடைத்தெடுக்கும். கடைசியில் துணியாலோ உள்ளங்கையாலோ மயிர் படியும் போக்கில் மாலிஷ் செய்தால், தோலிலிருந்து ஊறும் இயற்கை எண்ணெய் மயிரின் நுனி வரை பரவும். அடிக்கடி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் அந்த எண்ணெய் போய்விடும். பிடரியையும் வாலையும் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுத்தால் மயிர் அறுபடாது. வெளிப் பூச்சு ஒருநாள் மினுக்கும். உள்ளே குடற்புழுவோ பல் தொல்லையோ தாதுக் குறைவோ இருந்தால் மறுநாளே மேனி மங்கிவிடும்.

ஐந்தாம் விடை: விரலால் அளப்பது

கண்ணை நம்பாமல் விரலை நம்பச் சொன்னது 20ஆம் நூற்றாண்டின் கால்நடை அறிவியல். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹென்னெக்கும் உடன் ஆய்ந்தோரும் 1983இல் வெளியிட்ட உடல்நிலை மதிப்பெண் முறை கழுத்து, தோள்மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வால் முளைக்கும் இடம் ஆகியவற்றைத் தடவிப் பார்த்து, குதிரைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் தருகிறது. 5 என்பது நடுநிலை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலுக்கு எளிதில் தட்டுப்பட வேண்டும். நம் கையை விரித்து அதன் புறப்பகுதியை மற்றக் கை விரல்களால் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, ஏறக்குறைய அப்படி இருப்பது நல்ல நிலை. முஷ்டியின் முட்டிகளைப் போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைச் சதையைப் போல் மெத்தென்றிருந்தால் பருமன்.

இந்த முறைக்கும் வரம்பு உண்டு. அது பெரிய உடல் கொண்ட குவாட்டர் இனப் பெண் குதிரைகளை வைத்து உருவாக்கப்பட்டது. மட்டக்குதிரைகள் கொழுப்பை உடல் முழுதும் சீராகப் பரப்பாமல் பிடரியின் மேல்விளிம்பில் தனியாகச் சேர்க்கும் இயல்புடையவை. ஆகவே 2009இல் கார்ட்டரும் உடன் ஆய்ந்தோரும் பிடரிக் கொழுப்புக்கென 0 முதல் 5 வரை ஒரு தனி அளவை முன்வைத்தனர். பிடரி கெட்டியாகத் திரண்டு ஒரு பக்கம் சாயத் தொடங்கினால், இன்சுலின் சீர்கேடும் லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சியும் வரும் வாய்ப்பு மிகுதி என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. குளம்பு அழற்சியில் குளம்பையும் உள்ளெலும்பையும் இணைக்கும் அடுக்குகள் கெடுகின்றன. முற்றினால் எலும்பே திரும்பிவிடும்.

வளைந்து திரண்ட கழுத்து நம் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் கம்பீரத்தின் அடையாளம். அதே கழுத்து கொழுப்பால் திரண்டிருந்தால் மருத்துவருக்கு எச்சரிக்கை. காட்சிக்கான தயாரிப்பு பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு சாண் இடத்தில் வந்து குவிகிறது.

எடை பார்க்கும் மேடை இல்லாத இடத்தில் நாடாவும் உதவும். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து அதையே அதனால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 110, நீளம் 115 என்றால் எடை சுமார் 117 கிலோ. மிகச் சிறிய குதிரைகளில் இந்தச் சூத்திரம் பிசகக்கூடும். ஆகவே ஒருநாள் எண்ணைவிட, இரு வாரத்துக்கு ஒருமுறை அதே நாடாவால் அதே இடத்தில் அளந்த எண்களின் போக்கே நம்பத்தக்கது.

இந்த விடை மற்றொரு அபாயத்தையும் வெளிக்கொணர்ந்தது. பருத்த குட்டைக் குதிரையைத் திடீரெனப் பட்டினி போட்டால், உடல் தன் கொழுப்பைக் கரைத்து இரத்தத்தில் கொட்டும். ஈரல் அதைத் தாங்காது. மட்டக்குதிரை, மினியேச்சர் குதிரை, கழுதை ஆகியவற்றில் இது உயிர்போக்கும் நோயாகும். சினைக் குதிரைக்கு ஆபத்து இன்னும் அதிகம். மெலியவைக்கும் காலத்திலும் ஈரம் நீக்கிய கணக்கில் உடல் எடையில் ஒன்றேகால் சதவீதத்துக்குக் குறையாமல் நார்த்தீனி தர வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். அதற்கும் கீழே போவது மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே.

கைபடாத உடல்: நெடுந்தீவு

இத்தனை விடைகளுக்கும் வெளியே நிற்கிறது பாக்கு நீரிணையிலுள்ள நெடுந்தீவு. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அத்தீவின் புல்வெளிகளில் கட்டற்று வாழ்கின்றன. தேய்ப்பாரும் இல்லை, தீனி வைப்பாரும் இல்லை. குட்டையான உடல் உப்புக் காற்றிலும் குறைந்த புல்லிலும் தன்னைத் தகவமைத்துக்கொண்டிருக்கிறது. இயற்கையிடம் விட்டுவிடுவதே சரி என்போர் இதைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் வறட்சிக் காலங்களில் நீரும் புல்லும் இன்றி அங்கே குதிரைகள் மடிந்ததும் நடந்தது. பருவத்துக்குப் பருவம் கொழுத்தும் மெலிந்தும் வாழ்வது அந்த உடலின் இயல்பு. கட்டிவைத்து ஆண்டு முழுதும் ஒரே அளவில் ஊட்டும்போது நாம் குலைப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். வேலி போட்டவர் அதன் பொறுப்பையும் ஏற்கத்தான் வேண்டும்.

டெலானிபூரின் மழையில்

டெலானிபூர் இருக்கும் போர்ட் பிளேர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11.7 பாகையில் இருக்கிறது. ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்கின்றன. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இங்கே ஒரு குட்டைக் குதிரையைப் பேணினால் மேற்சொன்ன விடைகள் எப்படி மாறும்?

முதலில் மயிர். குதிரை மயிர் அடர்வதையும் உதிர்வதையும் முதன்மையாகத் தீர்மானிப்பது பகல் நீளம். ஷெட்லாந்தில் குளிர்காலப் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு, கோடைப் பகல் ஏறத்தாழ பத்தொன்பது மணி. டெலானிபூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே குளிர்நாட்டுக் குதிரைக்காரர்கள் லாயத்தில் விளக்கெரித்துப் பகலை நீட்டி மயிர் உதிர்க்கும் உத்தி இங்கே பெரும்பாலும் தேவைப்படாது. அடர்மயிர் இனத்தைக் கொண்டுவந்தால் வெப்பம் தணிக்கக் கத்தரிக்க வேண்டியிருக்கும். அது அலங்காரமாகாது, சிகிச்சை.

இரண்டாவது வியர்வை. ஈரக் காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் தணியாது. வெப்பமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளில் சில வியர்க்கும் திறனையே இழப்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அறியப்பட்டிருந்தது. மூச்சு வாங்குதல், மங்கிய மேனி, முகத்து மயிர் உதிர்தல் இதன் அறிகுறிகள். எத்தனை மாலிஷும் அந்த மங்கலைப் போக்காது. பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றுவதும், முடிந்ததும் நீரூற்றி வழித்துவிட்டு மீண்டும் ஊற்றுவதும், காற்றோட்டமான லாயம் கட்டுவதுமே பயன் தரும்.

மூன்றாவது தோலும் குளம்பும். தொடர்மழையில் முதுகிலும் கணுக்காலிலும் பொருக்குத் தட்டும் பாக்டீரியாத் தொற்று, குளம்பின் அடியில் கருத்து நாறும் அழுகல், மாலையும் அதிகாலையும் கடிக்கும் சிறு ஈக்களால் வரும் அரிப்பு மூன்றும் இங்கே எதிர்பார்க்க வேண்டியவை. அரிப்பெடுத்த குதிரை மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் பிடரியை இழந்துவிடும். காட்சிக்கென ஆண்டுக்கணக்கில் வளர்த்த பிடரி சில நாளில் போய்விடலாம். ஆகவே தீவில் முதல் சீர்ப்படுத்தும் கருவி உலர்ந்த தரைதான். நாள்தோறும் குளம்படி சுரண்டுவதும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுவதும் அதற்கு அடுத்தவை. கடலில் இறக்கிக் குளிப்பாட்டினால் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

நான்காவதும் கடினமானதும் தீனி. தீவுகளில் கால்நடைத் தீவனம் பெருமளவு கப்பலில் வருகிறது. ஈரத்தில் பூசணம் பிடித்த வைக்கோலும் புல்லும் குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும். தவிடு விரைவில் காறிப்போகும். மாட்டுக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும் கம்பு நேப்பியர் போன்ற வெப்பமண்டலப் புல்வகைகளில் ஆக்சலேட் உண்டு. மாட்டின் இரைப்பையில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவைத்துக்கொள்கிறது. பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் சேர்த்தால், முகத்து எலும்பு வீங்கி மெலிவடையும் நோய் வரலாம். மாட்டுக்காரரின் அனுபவத்தை அப்படியே குதிரைக்குக் கொண்டுவருவது இங்கே தவறாகும். கலப்புப் புல்லும் கால்நடை மருத்துவர் சொல்லும் சுண்ணாம்புச் சத்தும் தேவைப்படும்.

அளவையும் சொல்லிவிடலாம். நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீனி போதும். நீர்நிறைந்த பசும்புல்லில் அது சுமார் எட்டுக் கிலோ. பார்க்கப் பெரிய குவியல், உண்மையில் போதுமான உணவு. அதைப் பல வேளைகளாகப் பிரித்துப் போட்டால் குடலும் கெடாது, குதிரையும் சலிப்படையாது. இதற்கு மேல் கொள்ளோ தானியமோ வேண்டுமா என்பதை வேலைதான் முடிவு செய்ய வேண்டும்.

எஞ்சி நிற்பவை

ஐந்து விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். எலும்பு தரும் கட்டுடலைத் தீனியால் உண்டாக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். மேனியின் பளபளப்பு பெரும்பாலும் குடல், பல், தாதுச் சமநிலை ஆகியவற்றின் வெளிப்பாடு. தேய்ப்பு அதை வெளிக்கொணரும். காட்சிக்கான தயாரிப்பு வாரங்களில் முடிவதில்லை, மாதங்களில் நடப்பது. குட்டைக் குதிரையை ஊட்டிப் பெருக்குவதும் பட்டினியால் சுருக்குவதும் ஒரே அளவுக்கு ஆபத்தானவை.

தீராதவையும் உண்டு. இன்சுலின் சீர்கேட்டை உடல் தடவி மட்டும் எவ்வளவு துல்லியமாக முன்னறியலாம் என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. ஒல்லியாகத் தெரியும் குதிரையிலும் அது இருக்கக்கூடும். மேல்நாட்டு மதிப்பெண் முறைகள் மணிப்பூர், ஸ்பிதி போன்ற நம் மட்டக்குதிரைகளுக்கு அப்படியே பொருந்துமா, நம் உடல்களை வைத்துத் தனி அளவை வகுக்க வேண்டுமா என்பதும் விரிவாக ஆராயப்பட வேண்டியது. ஈரமான வெப்பமண்டலத் தீவில் குளிர்நாட்டு இனங்களைக் காட்சிக்கென வளர்ப்பது தகுமா என்பது அறம் சார்ந்த கேள்வி. அறிவியலால் மட்டும் அதற்கு விடை சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவர் எதற்குப் பரிசு தர வேண்டும் என்பது முடிவாகவில்லை. உரிமையாளர்கள் களம் எதைப் பாராட்டுகிறதோ அதையே வீட்டில் உருவாக்குகிறார்கள். தம் குதிரையின் பருமனைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் அவர்களிடம் பரவலாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பிடரியைத் தொட்டுப் பார்த்து மதிப்பெண் இடும் விதி களத்திலேயே வந்தால், தீனித்தொட்டியில் மாற்றம் தானே நிகழும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. உணர்மயிர் விதி அதற்கு ஒரு முன்மாதிரி. அப்படிப்பட்ட விதி எழுதப்படும் வரை அந்தப் பொறுப்பு குதிரையை நாள்தோறும் தொடும் கைகளிடமே இருக்கிறது. அவர்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான்: முதலில் விலாவைத் தடவிப் பாருங்கள், பிறகு பிடரியை. சீப்பை எடுப்பது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.